எந்தப் பக்கம் என்று கேட்டவர்

அவரிடம் தலையைக் கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவருடைய முகம் தெரியாது. மயக்க மருந்து ஏறிய பிறகுதான் அவருடைய வேலை தொடங்கும். கண் விழித்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுவது டாக்டரைத்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மண்டையைத் திறந்து மூடியவர் அவர்தானே. ஆனால் தோலில் கத்தி படுவதற்கு முன்னால் தலைமுடியில் ஒரு பாதை போட்டாக வேண்டும். அந்தப் பாதையை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போடாதவர் என்று எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். போடிப் பக்கத்திலிருந்து வந்தவள். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. இவர் அங்கே தியேட்டர் டெக்னீஷியன். மண்ணூர்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம். மூக்குக்கண்ணாடி நழுவாமல் இருக்க அதன் இரண்டு காலையும் கட்டுத்துணி நாடாவால் பின்மண்டையில் முடிந்திருப்பார். மூளை ஆபரேஷன் என்றால் முடியைக் கத்தரிப்பது, தலையை மூன்று முனைக் கிளாம்பில் அசையாமல் பிடித்து வைப்பது, எலும்பில் துளை போடும் டிரில்லைச் சரிபார்த்து எடுத்து வைப்பது எல்லாம் இவர் பொறுப்பு.

மண்டை ஓட்டைத் திறக்க டாக்டர்களுக்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் ஒன்றும் உண்டு. இவர் அந்தப் பெயர்களைக் கற்றுக்கொள்ள முயன்றதே இல்லை. தானாகவே பெயர் வைத்துக்கொண்டார். ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறுகாது வரை வெட்டினால் அது 'ஹேர்பேண்ட்'. விபத்தில் அடிபட்டு மூளை வீங்கி வருபவர்களுக்குக் காதுக்கு முன்னால் தொடங்கிப் பின்னால் போய் வளைந்து நெற்றிக்கு வரும் பெரிய வெட்டு, 'கொக்கி'. காதுக்குப் பின்னால் போடும் சின்ன வெட்டு, 'கம்மல்'. குப்புறப் படுக்க வைத்துப் பிடரியில் நேராகப் போடுவது, 'குடுமி'. மூக்கு வழியாகவே உள்ளே போய்க் கட்டியை எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'எனக்கு லீவு'. அதில் கத்தரிக்க முடியே கிடையாது.

பெரிய டாக்டருக்கே கடைசியில் அது தொற்றிக்கொண்டது. ஒருநாள் ஜூனியர் டாக்டர் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சொல்லி ஆரம்பித்தபோது, "சுருக்கமா கம்மல்னு சொல்லுப்பா" என்றார்.

இவரிடம் எங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. கேள்வி கேட்பார். ஒரே கேள்விதான். எந்தப் பக்கம்?

வார்டில் போய் நோயாளியை அழைத்து வரும்போது அவரிடம் கேட்பார். வாயால் சொன்னால் ஏற்கமாட்டார். "கைய வச்சி காட்டுங்க நைனா" என்பார். நோயாளி தன் கையால் தன் தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். தியேட்டர் வாசல் வரை வரும் சொந்தக்காரரிடம் அடுத்து கேட்பார். உள்ளே வந்து ஸ்கேன் படத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளிடம், பெரும்பாலும் என்னிடம், மறுபடியும் கேட்பார். அங்கே மட்டும் அவருக்குக் கணக்கே கிடையாது. சில நாள் ஒரு தடவையோடு விட்டுவிடுவார், சில நாள் இரண்டு மூன்று தடவை கேட்டுக் கழுத்தறுப்பார். அது அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்குப் போகிற ஆளிடமே எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்த ஆள் என்ன நினைப்பார்? திருமழிசையிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஸ்ட்ரெச்சரில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கே தெரியாதா, அப்படியென்றால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். அவரைச் சமாதானம் செய்து மறுபடி படுக்க வைப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. கேண்டீனில் இவரைக் கிண்டல் செய்வது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கல்யாணத்தில் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பெண்தானே என்று ஐயரிடம் மூன்று தடவை கேட்டிருப்பார் என்பேன் நான். அவரும் கூடவே சிரிப்பார். அடுத்த கேஸுக்கு மறுபடி கேட்பார்.

அவருடைய பிழைப்புக் கதையை அவர் வரிசையாகச் சொன்னதில்லை. டீ குடிக்கும்போது ஒன்று, கையுறை மாட்டும்போது ஒன்று என்று துண்டு துண்டாக வந்து விழுந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிரில்லிங் மெஷின் ஓட்டியிருக்கிறார். அதனால்தான் எலும்பு டிரில்லின் சத்தம் அவருக்கு அத்துப்படி. டாக்டர் துளை போடும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எலும்பு முடியப் போகிற இடத்தில் சத்தம் மெலியுமாம். டிரில் தானாக நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் இவர் தலையாட்டுவார். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒருநாளும் தப்பியதில்லை.

அந்தக் கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்கு இரும்புத் தட்டில் துளை போடும் வேலை வந்திருக்கிறது. பொருளை எந்தப் பக்கமிருந்து பார்த்து வரைந்தார்கள் என்பதில் இரண்டு வழக்கம் உண்டு என்று விளக்கினார். நம் ஊர் வரைபடத்தில் இடப்பக்கத் தோற்றத்தை வலது பக்கம் வரைவார்கள், அந்த ஊர்க்காரர்கள் இடது பக்கமே வரைவார்கள். எந்த வழக்கம் என்பதற்குக் காகிதத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். இவர் அதைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் நம் ஊர்க் கணக்கில் படித்து, இருநூறு தட்டிலும் துளையைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டார்.

"ஒண்ணு ரெண்டு இல்ல சிஸ்டர், இருநூறு. அத்தினியும் கண்ணாடில பாத்தா கரெக்டா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அது இரும்பு. உருக்கி மறுபடி ஊத்திக்கலாம். இத இன்னா பண்ணுவ?"

அப்போது அவர் கை, ஆபரேஷன் மேஜையில் தலை வைக்கும் இடத்தின் மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தேன். ஆனால் மறுநாள் அவர் மூன்று தடவை கேட்டபோது எனக்கு எரிச்சல் வராமலும் இல்லை. மனுஷ புத்தி அப்படித்தான்.

முடி விஷயத்தில் அவர் காட்டிய கஞ்சத்தனத்துக்கும் ஒரு கதை உண்டு. பாரிவாக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றிலிருந்து கணினி வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இடுப்பு வரை முடி. முன்மண்டைக்குள் ஒரு கட்டி. கட்டியைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை, மொட்டைத் தலையோடு ஊருக்குப் போவதை நினைத்துத்தான் அழுதாள். இவர் போய் அவளிடம், வகிடு எந்தப் பக்கம் எடுப்பாய் என்று கேட்டார். அவள் தொட்டுக் காட்டினாள். டாக்டரிடம் போய், வெட்டு வகிட்டுக்கு அந்தண்டை விழாதபடி போட முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கத்தரித்தார். தையல் பிரித்த அன்று அவள் மேல்முடியைச் சீவிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். வெட்டு இருக்கும் இடமே தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கத்தரித்த முடியை ஒரு காகித உறையில் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுடைய அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் வெளியே வந்து மகளின் முடியைக் கையில் கொடுத்தால் எந்தத் தாய்க்குத் தாங்கும்? அந்த அம்மா அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தேன். நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வதில் அவருக்கு நிகர் அவர்தான். அதற்குப் பிறகு முடியைக் கொடுப்பதற்கு முன்னாலும் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. வேணுமா வேணாமா?

இனி சொல்லப்போவதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. மேலே எழுதியதெல்லாம் இதைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதற்காகத்தானோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஒரு மத்தியான நேரம். குத்தம்பாக்கத்தில் தண்ணீர் கேன் வண்டி வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தவர். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் மெதுவாகச் சேர்ந்து, இப்போது பேச்சு நின்று, மயங்கிய நிலையில் வந்திருக்கிறார். ரத்தத்தை உடனே எடுக்காவிட்டால் ஆள் தங்கமாட்டார். எங்கள் ஸ்கேன் மெஷின் பழுதாகியிருந்ததால் வெளியே எடுத்த படம் பெரிய உறையில் வந்தது. ரிப்போர்ட் சாயங்காலம் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவசரத்தில் கேஸ் ஷீட்டில் எந்தக் கை கால் விழுந்திருக்கிறது என்று எழுதும் இடம் காலியாக இருந்தது. வழக்கம்போல் இவர் வாசலில் கேட்கலாம் என்றால், நோயாளியின் மனைவி கையெழுத்துப் போடப் போயிருந்தார்.

படத்தை உறையிலிருந்து உருவி விளக்குப் பெட்டியில் மாட்டியது நான். பெரிய டாக்டர் வரும் வழியில், சவீதா காலேஜ் சிக்னலிலோ வேறெங்கோ ஒரு நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிய படத்தைக் கைப்பேசியில் எடுத்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். வலது பக்கம், தலையைத் தயார் செய்து வையுங்கள், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று பதில் வந்தது. நான் கை கழுவி, கவுன் போட்டு, கருவிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

ஸ்கேன் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியின் காலடியில் நின்று பார்ப்பதுபோல் அதை எடுத்திருப்பார்கள். அதனால் அவருடைய இடது பக்கம் படத்தில் நமக்கு வலது பக்கம் தெரியும். எதிரில் நிற்கும் ஆளைப் பார்ப்பது போலத்தான். படத்தின் ஓரத்தில் சின்னதாக எழுத்து இருக்கும். படத்தை முன்பின் மாற்றி மாட்டிவிட்டால் எழுத்து திரும்பித் தெரியும், பக்கமும் திரும்பிவிடும். படம் என்னவோ அப்போதும் நல்ல மூளைப் படமாகத்தான் இருக்கும், குறை ஒன்றும் தெரியாது.

நான் முன்பின் மாற்றித்தான் மாட்டியிருந்தேன்.

இவர் முடி கத்தரிக்கும் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார். "சிஸ்டர், எந்தப் பக்கம்?"

ரைட் என்றேன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார். டாக்டரே ரைட் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவர் நகரவில்லை.

"சிஸ்டர். எந்தப் பக்கம்?"

"அண்ணே, உங்களுக்குக் காது கேக்காதா? ரைட். இன்னும் எத்தனை தடவ சொல்லணும்? ஆள் செத்துக்கிட்டு இருக்காரு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மிஷினைக் கீழே வைத்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மயக்க மருந்து டாக்டர், எங்கே போகிறார் இந்த மனுஷன் என்று கத்தினார். நானும் சேர்ந்து திட்டினேன். நன்றாகவே திட்டினேன், சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும். பெரிய டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். நோயாளி தலையில் ஒரு முடிகூட எடுபடவில்லை. தலை ஏன் தயாராகவில்லை, யார் பொறுப்பு என்று அவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே இவர் திரும்பி வந்தார்.

"சார், காலைல டீ கிளாசு இவரு வலது கையிலருந்து உழுந்துச்சின்னு வெளிய இவரு சம்சாரம் சொல்லுது. ரெண்டு நாளா அந்தக் கையிலதான் சோறு அள்ள முடியலியாம்."

அவ்வளவுதான் சொன்னார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வலது கையை ஆட்டி வைப்பது மூளையின் இடது பக்கம். எங்கள் வேலையில் இது அரிச்சுவடி. டாக்டர் சத்தத்தை நிறுத்தினார். விளக்குப் பெட்டிக்குப் போனார். ஓரத்தைக் குனிந்து பார்த்தார். படத்தை உருவித் திருப்பி மாட்டினார். நோயாளியின் வலது பக்கம் என்று நாங்கள் நினைத்திருந்த ரத்தம் அவருடைய இடது பக்கம் ஆகிவிட்டது. எனக்குக் கவுனுக்குள் வேர்த்து ஊற்றியது.

டாக்டர் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது. பயம் பிடித்தவர்களுக்குக் கோபம்தான் முதலில் கைக்கு வரும். "எவன் இதை மாட்டினது?" என்றார், இவரைப் பார்த்து.

இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் பேசாததும் நான் பேசாததும் ஒன்றாகிவிடாது.

பிறகு இவர் மிஷினை எடுத்து, இடது பக்கத்தில் கத்தரித்தார், அப்போதும் இரண்டு விரல் அகலம்தான். டாக்டர் இரண்டு துளை போட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்று, சரியான நேரத்தில் தலையாட்டினார். இஞ்சின் ஆயில் போலக் கறுத்த ரத்தம் வெளியே வந்தது. அழுந்திக் கிடந்த மூளை மெல்ல மேலே எழும்பியது. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

நாலாவது நாள் இவருக்கு மெமோ வந்தது. அவசர ஆபரேஷனின்போது அனுமதியில்லாமல் தியேட்டரை விட்டு வெளியே போனது ஒன்று, ஸ்கேன் படத்தை மாற்றி மாட்டியது ஒன்று. தியேட்டரிலிருந்து எடுத்து, எமர்ஜென்சி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலைக்குப் போட்டார்கள். நோட்டீஸ் போர்டில் அதை நின்று முழுக்கப் படித்தேன். மேலே கண்காணிப்பாளர் அறைக்குப் போய், நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாடிப்படி வரை போனேன். அப்போதுதான் என் வேலையை நிரந்தரம் செய்வதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் படியிலிருந்து திரும்பி வந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

தியேட்டரில் அவருடைய இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். கேள்வியே கேட்காதவர், வேகமானவர். பாதித் தலையை மூன்று நிமிஷத்தில் வழித்துத் தள்ளிவிடுவார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். யாரும் கேட்காததால் ஒவ்வொரு தலைக்கு முன்னாலும் நானாகவே படத்தின் ஓரத்தைப் போய்ப் போய்ப் பார்த்தேன். வாசல் வழியாகப் போகும்போது இவரைப் பார்ப்பேன். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சாப்ட்டியா சிஸ்டர் என்று கேட்பார். ஆமாம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். பின்பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கும் வழி ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளில் அந்த வழியாகப் போக ஆரம்பித்தேன்.

ஆறு வாரம் கழித்து அந்தத் தண்ணீர் கேன்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு அந்த அம்மா நேராக தியேட்டர் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி.

"டீ கிளாசு எந்தக் கையிலருந்து உழுந்துச்சின்னு கேட்டாரே, கண்ணாடிய கயித்துல கட்டிகினு இருப்பாரு, அந்தண்ணன் எங்கம்மா?" என்று என்னிடம் கேட்டார். "எல்லாரும் கையெழுத்து போடு, கையெழுத்து போடுன்னாங்கோ. ஊட்டுக்காரருக்கு இன்னா ஆச்சின்னு அவரு ஒருத்தருதான் என்னாண்ட கேட்டாரு."

நான்தான் அவர்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். தண்ணீர் கேன்காரருக்குப் பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை. வலது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக் காட்டினார். இவர் அவர் தலையைத் தன் பக்கம் சாய்த்து, முளைத்து வரும் முடியை விரலால் விலக்கி, தழும்பைப் பார்த்தார். முடி நல்லா வந்துகினு கீது என்றார். அந்த அம்மா அழுதார். நான் அங்கே நிற்கவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றேன்.

சாயங்காலம் அவர் டூட்டி முடிந்து ஷேர் ஆட்டோவுக்குப் போகும்போது பின்னாலேயே போனேன். டீக்கடை ஓரத்தில் நிறுத்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அண்ணே, அன்னைக்குப் படத்த மாத்தி மாட்டினது நான்."

"தெரியும்மா" என்றார்.

அதுவரை என்னை சிஸ்டர் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"எழுத்து திரும்பிகினு இருந்துச்சி. தலமாட்டுலருந்தே தெரிஞ்சிது. ஆனா நான் என் கண்ணயும் நம்பமாட்டனே. அதான் அந்தம்மாவ கேக்கப் போனேன்."

தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாமே, ஏன் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள் என்றேன்.

டீ வந்தது. ஆறட்டும் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு எஸ்டேட் கதையின் விட்டுப்போன பாதியைச் சொன்னார். இவர் ஐம்பதாவது தட்டில் இருக்கும்போதே பக்கத்து மெஷின்காரன் தப்பைப் பார்த்துவிட்டானாம். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருநூறும் முடியட்டும் என்று காத்திருந்து, நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னானாம். எல்லோர் முன்னாலும் இவரை நிற்க வைத்து ஒவ்வொரு தட்டாக எடுத்துக் காட்டினார்களாம்.

"எல்லார் எதிர்லயும் உன்னிது தப்புன்னு சொன்னா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீயே திரும்பிப் பாத்து திருத்திக்குவன்னு நெனச்சேன். பாத்து பதில் சொன்னா நான் ஒருவாட்டியோட உட்டுடுவேன். பாக்காம சொன்னாத்தான் மறுபடி கேப்பேன். நீ மூணு வாட்டியும் திரும்பலம்மா."

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. எத்தனை வருஷமாக இந்த மனுஷன் மனநிலை சரியில்லாமல் கழுத்தறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை கேட்ட நாட்களிலெல்லாம் நாங்கள் பார்க்காமல் பதில் சொல்லியிருக்கிறோம். கேண்டீனில் நான் செய்த கிண்டல்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நடுரோட்டில் நின்று அழுதேன். அவர் சங்கடப்பட்டு, ஆட்டோ போய்விடும் என்று சொல்லிவிட்டு, ஆட்டோ போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அந்த மாடிப்படியை ஏறி முடித்தேன். நான்கு வரிக் கடிதம்தான். படத்தை மாற்றி மாட்டியது நான், எந்தப் பக்கம் என்று என்னிடம் மூன்று முறை கேட்கப்பட்டது, மூன்று முறையும் நான் படத்தைப் பார்க்காமல் பதில் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். கண்காணிப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு தடவை கேட்டது யாரு?"

"நீங்க ஸ்ட்ரெச்சர் தள்ள அனுப்பினீங்களே சார், அவருதான்."

எனக்கு மெமோ வந்தது, வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. வரவேண்டியதுதான் வந்தது. பெரிய டாக்டர் அவரே வாசலுக்குப் போய் இவரைக் கூட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் கேஸ் ஒரு 'கம்மல்'. ஆவடியிலிருந்து வந்த ஒரு டீச்சர், காதுக்குப் பின்னால் சின்னக் கட்டி. நான் கை கழுவிக் கவுன் போட்டு, கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் மிஷினோடு தலைமாட்டில் வந்து நின்றார். கண்ணாடி நாடா புதிதாக இருந்தது.

"சிஸ்டர், எந்தப் பக்கம்?"

கையிலிருந்ததைத் தட்டில் வைத்தேன். விளக்குப் பெட்டி வரை நடந்து போனேன். படத்தின் ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். திரும்பி வந்து, இடது பக்கம் அண்ணே என்றேன்.

இரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை.